முனியப்பனான புத்தர்: சேலம் மண்ணில் அறமும் கடவுளும்

மதம் என்று ஒரே பெயரில் வழங்குவதற்குள் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கொல்லாதே, பொய் சொல்லாதே, பிறன் பொருளுக்கு ஆசைப்படாதே, பசித்து வந்தவனுக்குச் சோறு போடு என்று வாழும் முறையைச் சொல்லும் போதனை ஒன்று. உலகைப் படைத்து, மனிதர் செய்வதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் பேராற்றல் ஒன்று உண்டு என்னும் நம்பிக்கை மற்றொன்று. பெரும்பாலான வழிபாடுகளில் இவை ஒட்டிப் பிறந்தவை போலத் தோன்றுவதால், ஒன்று போனால் மற்றொன்றும் போய்விடும் என்று பலர் கருதுகிறார்கள். பியூ ஆய்வு மையம் 2019இல் 34 நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், ஒருவர் ஒழுக்கத்தோடு வாழக் கடவுள் நம்பிக்கை கட்டாயம் தேவை என்று இந்தியாவில் 79 விழுக்காட்டினர் கூறினர். இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் 96 விழுக்காடு, சுவீடனில் 9. சுவீடனில் தெருவுக்குத் தெரு கொலை விழுவதாகச் செய்தி இல்லை என்பதையும் இந்த எண்களோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை மேலைநாட்டார் நெடுங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறார்கள். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் நல்லதாகிறதா, நல்லது என்பதால்தான் தெய்வங்கள் அதை விரும்புகின்றனவா என்று பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சாக்ரடீஸ் கேட்கிறார். நாத்திகர் மட்டுமே கூடிய சமூகமும் ஒழுங்காக நடக்கும் என்று 1682இல் பியர் பெயில் எழுதியபோது அது வெறும் கற்பனைச் சமூகம். தமிழ்நாட்டுக்குக் கற்பனை தேவையில்லை. படைப்புக் கடவுளை ஏற்காத இரண்டு சமயங்கள், சமணமும் பௌத்தமும், இங்கே பல நூற்றாண்டுகள் அறம் கற்பித்தன. அவற்றின் தடயங்களும், அவற்றை மூடி வளர்ந்த தெய்வ வழிபாடும் அருகருகே கிடக்கும் இடங்களில் ஒன்று, சேலத்திலிருந்து வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் வழியாக உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலை.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தச் சாலையோரம் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. வாழப்பாடிக்குக் கிழக்கே புத்திரகவுண்டன்பாளையத்தில், முத்துமலை முருகனின் 146 அடி உயரச் சிலைக்கு ஏப்ரல் 6 அன்று குடமுழுக்கு நடந்தது. மலேசியாவின் பத்துமலை முருகன் 140 அடி என்பதால், இதுவே உலகின் மிக உயர்ந்த முருகன் என்ற பெயர் வந்தது. அந்த ஆண்டு ஜூலையில், சேலம் கோட்டைச் சாலைப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஊரார் கும்பிட்டுவந்த சிலை புத்தருடையது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலாவது நிகழ்ச்சிக்குத் திரண்ட கூட்டம் பெரிது. ஆனால் அறத்துக்கும் கடவுளுக்கும் உள்ள உறவை ஆராய்வதற்கு இரண்டாவதுதான் உதவுகிறது.

அந்த வழக்கைச் சேலத்திலுள்ள புத்தா டிரஸ்ட் 2011இல் தொடுத்தது. சிலையை ஆராய்ந்து அறிக்கை தருமாறு நீதிமன்றம் தொல்லியல் துறைக்கு உத்தரவிட்டது. அறிக்கை சொன்ன விவரங்கள் தெளிவானவை. கல்லால் ஆன அச்சிலை தாமரைப் பீடத்தில் அரைப் பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறது. கைகள் தியான முத்திரையில் உள்ளன. சுருள்முடி, உச்சிக் கொண்டை, நீண்டு தொங்கும் காதுமடல் என்று புத்தருக்குரிய அடையாளங்கள் தலையில் இருக்கின்றன. தலை ஒருகாலத்தில் உடலிலிருந்து துண்டாகி, பின்னால் சிமென்ட்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. தலைவெட்டி என்ற பெயருக்கு அந்த ஒட்டுதலே போதுமான விளக்கம். பல தலைமுறையாக முனியப்பனாகவே வழிபடப்படுவதால் கோயில் தங்கள் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்று இந்து சமய அறநிலையத்துறை வாதிட்டதை நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஏற்கவில்லை. புத்தர் என்று உறுதியான பிறகு தவறான அடையாளத்தைத் தொடர விடமுடியாது என்றார். இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கொள்ளவும், புத்தர் சிலை என்று பலகை வைக்கவும் உத்தரவிட்டார். பொதுமக்கள் வந்து பார்க்கலாம். பூசையோ சடங்கோ கூடாது.

பூசையைத் தடுத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. புத்தர் தம்மைக் கும்பிடச் சொன்னவரல்லர். உலகைப் படைத்தவன் யார் என்ற ஆராய்ச்சி துன்பத்தைத் தீர்க்க உதவாது என்று அதை ஒதுக்கியவர். கொல்லாமை, கள்ளாமை, தகாத காமம் விலக்கல், பொய்யாமை, மது விலக்கல் ஆகிய ஐந்து ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்க அவர் காட்டிய காரணம் தெய்வ ஆணை அன்று. அவற்றை மீறினால் தனக்கும் பிறர்க்கும் துன்பம் விளையும் என்பதே. அப்படிப்பட்ட ஆசிரியரின் உருவம் மட்டும் ஊரில் தங்கி, அதற்குக் காவல் தெய்வத்தின் பெயரும் மஞ்சளும் மாலையும் சேர்ந்துகொண்டன. கடவுளில்லாத போதனை இங்கே போதனையில்லாத கடவுளாக மிஞ்சியது. தலைவாசலுக்குப் பக்கத்தில் தியாகனூரில் உள்ள பெரிய புத்தர் சிலைகள், இது ஒரே ஓர் ஊரின் விபத்து இல்லை என்பதைக் காட்டுகின்றன. பௌத்தம் ஒருகாலத்தில் வேரூன்றியிருந்த வட்டாரம் இது. இன்று அந்தச் சமயத்தின் நினைவை இங்கே சுமப்பது பெரும்பாலும் கல் மட்டுமே.

சிலைக்கு நேர்ந்தது போதனைக்கும் நேர்ந்ததா என்றால், முழுவதுமாக இல்லை. சமண, பௌத்தத் துறவிகள் கற்பித்த ஒழுக்கம் வேறு பெயர்களில் தமிழர் வாழ்வில் நிலைத்துவிட்டது. சமணத்தில் வினை என்பது தீர்ப்பு எழுதும் நீதிபதி இல்லாமலே இயங்குவது. செயலால் ஈர்க்கப்படும் நுண்பொருள் உயிரில் ஒட்டுகிறது. நோன்பால் அது உதிர்கிறது. அழுதாலும் தொழுதாலும் கழிக்க இடமில்லை. சமண முனிவர்கள் பாடியதாக மரபு கூறும் நாலடியாரின் தொடக்க அதிகாரங்கள் செல்வம் நில்லாது, இளமை நில்லாது, ஆகவே இன்றே அறம் செய் என்று நிலையாமையைக் காட்டியே வற்புறுத்துகின்றன. அஞ்ச வைக்க அங்கே சாவு ஒன்றே போதுமானதாக இருந்தது.

திருக்குறளின் நிலை இன்னும் நுட்பமானது. அதன் முதல் அதிகாரம் கடவுள் வாழ்த்து. ஆனால் முதல் மூன்று அதிகாரங்கள் வள்ளுவருடையவை அல்ல, பிறர் சேர்த்தவை என்று கருதினார் வ.உ.சிதம்பரனார். 1886இல் குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப், இவ்வளவு உயர்ந்த அறம் மயிலாப்பூரில் கிறித்தவப் போதனையைக் கேட்ட ஒருவரிடமிருந்தே வந்திருக்கும் என்று ஊகித்தார். அறம் உயர்ந்தது என்றால் அதன் பின்னால் தம் கடவுள் இருந்தே தீரவேண்டும் என்ற எண்ணம் எவ்வளவு படித்தவரையும் விடுவதில்லை. நூலை அதன் போக்கிலேயே படித்தால் வேறொன்று தெரியும். வாய்மை எது என்று சொல்ல வரும் வள்ளுவர் பிறர்க்குத் தீங்கு விளையாமையையே அளவாக வைக்கிறார்; தெய்வத்தின் சொல்லை அல்ல. இரவச்சம் அதிகாரத்தில், மனிதர் கையேந்தித்தான் உயிர்வாழ வேண்டும் என்பது விதியானால் அப்படி வகுத்தவனே அலைந்து கெடட்டும் என்று சபிக்கவும் செய்கிறார். படைத்தவனையே நிறுத்தி விசாரிக்க ஒரு நூலால் முடிகிறதென்றால், அந்த அளவுகோல் படைத்தவனிடமிருந்து வாங்கியதாக இருக்க முடியாது.

கொல்லாமையின் வரலாறு இதை வேறு வழியில் காட்டும். ஏழாம் நூற்றாண்டில் சமணத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்து சைவத்துக்குத் திரும்பியவர் திருநாவுக்கரசர். அவரும் சம்பந்தரும் தொடங்கிய பக்தி இயக்கம் சமணரை வாதிலும் அரசவையிலும் தோற்கடித்தது. தோற்றவர்களின் தலையாய அறமோ வென்றவர்களின் அடையாளமாகவே மாறியது. இன்று புலால் உண்ணாமைக்குத் தமிழில் வழங்கும் பெயர் சைவம். சிவபெருமானை ஏற்காதவர்கள் வளர்த்த ஒழுக்கம் சிவநெறியின் பெயரிலேயே வழங்குகிறது. தெய்வம் மாறியபோதும் போதனை மாறாமல் கைமாறியது என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது. கைமாறிய வழியில் அதற்குக் கேடும் வந்தது. உயிர்களிடம் இரக்கம் என்று தொடங்கியது, யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்பதைத் தீர்மானிக்கும் சாதிக் குறியாகவும் ஆயிற்று. ஆட்டுக்கு இரங்கி, ஆளைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய வீடுகள் உண்டு.

அப்படியானால் கடவுள் நம்பிக்கை செய்யும் வேலைதான் என்ன? அது என்ன செய்யவேண்டும் என்று சொல்வதைவிட, சொன்னதைச் செய்தாயா என்று கேட்பதில்தான் வலுவாக இருக்கிறது. முனியப்பன் யாருக்கும் நீதிநூல் சொன்னதில்லை. உருட்டிய கண்ணும் ஓங்கிய அரிவாளுமாக ஊர் எல்லையில் நிற்கும் அவர் காவலாளி. வாழப்பாடிப் பக்கத்துப் பாக்குத் தோப்பையும் மரவள்ளிக் காட்டையும் எடுத்துக்கொள்வோம். பங்காளிகளுக்குப் பொதுவான ஒரே கிணறு. ஆளுக்கு இத்தனை மணி நேரம் என்று தண்ணீர் முறை. முறை தவறி இரவில் யார் மோட்டாரைப் போட்டது என்ற தகராறு வந்தால் சாட்சி கிடையாது, எழுத்தும் கிடையாது. கோயிலில் சூடம் ஏற்றி, அடித்துச் சத்தியம் செய் என்கிறார்கள். பொய்ச் சத்தியம் குடும்பத்தைத் தாக்கும் என்ற அச்சம் இருக்கும்வரை அந்தச் சூடம் ஒரு காவல் நிலையத்தின் வேலையைச் செய்கிறது. சேலத்திலிருந்து வாழப்பாடி வழியாகப் போகும் இரயில் பாதையின் மறுகோடியிலுள்ள விருத்தாசலத்தை அடுத்த கொளஞ்சியப்பர் கோயிலில் இது எழுத்து வடிவமே பெற்றிருக்கிறது. குறையைத் தாளில் மனுவாக எழுதி, பூசையில் வைத்து, முனியப்பர் சன்னிதியில் உள்ள வேலில் கட்டுகிறார்கள். பிராது கட்டுதல் என்று அதற்குப் பெயர். காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து சலித்தவருக்குத் தெய்வம் மேல்முறையீட்டு மன்றம்.

ஆனால் காவலாளி எதைக் காக்கிறார் என்பதை அவர் முடிவு செய்வதில்லை. ஊரில் எது வழக்கமோ அதையே அவர் காக்கிறார். தண்ணீர் முறையைக் காத்த அதே நம்பிக்கை, தாழ்த்தப்பட்டோர் கோயிலுக்குள் வந்தால் தெய்வக் குற்றம் என்ற கட்டுப்பாட்டையும் காத்தது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரை அழைத்துச் சென்றபோது எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் ஒரே அம்மனைக் கும்பிட்டவர்கள். அவர்களைப் பிரித்தது கடவுள் நம்பிக்கை அன்று, மனிதர் சமமா இல்லையா என்ற அறக் கேள்வி. கிடா வெட்டும் அப்படியே. 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 2003இல் தமிழக அரசு கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுத்தது. அடுத்த ஆண்டே அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. தெய்வம் பலி கேட்கிறது என்றவர்களும் கேட்கவில்லை என்றவர்களும் தெய்வத்தின் பெயரிலேயே பேசினார்கள். தெய்வத்தைக் கேட்டுத் தீர்க்க முடியாத வழக்காக அது இருந்தது.

நம்பிக்கையைக் கழித்துவிட்டு அறத்தை மட்டும் வைத்துக்கொள்ளும் முயற்சி தமிழ்நாட்டில் பெரியாருக்கு முன்பே தொடங்கிவிட்டது. சென்னை இலௌகிக சங்கத்தார் 1880களில் தத்துவவிவேசினி என்ற தமிழ் இதழையே நடத்தினார்கள். ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது சுயமரியாதை இயக்கம்தான். அதன் வரலாற்றில் சேலத்துக்கு இருமுறை இடம் உண்டு. நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 ஆகஸ்ட் 27 அன்று சேலத்தில் கூடிய மாநாட்டில். 1971 ஜனவரியில் மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்ததும் இங்கேதான். அம்மாநாட்டு ஊர்வலத்தில் இராமர் படத்துக்கு என்ன நடந்தது என்ற சர்ச்சை 2020இல் மறுபடி கிளம்பி அடங்கியது. இத்தனை ஆண்டுச் சண்டையும் படங்களைப் பற்றியதாகவே இருந்தது. இராமாயணம் கற்பிக்கும் ஒழுக்கத்தில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசியதாகச் சொல்வதற்கில்லை.

பெரியார் தாமே அந்தப் பிரிவினையைச் செய்திருக்கிறார். 1949 ஜனவரியில் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டி, தமிழருக்கு நெறி வேண்டுமானால் குறள் போதும் என்று பரப்பினார். அதே பெரியார், பெண்ணின் கற்பைப் பற்றி வள்ளுவர் சொன்னதைப் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கடுமையாக மறுத்தார். நூல் எவ்வளவு உயர்ந்ததானாலும் அதில் வரும் ஒவ்வொரு விதியும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கப்பட வேண்டும் என்பதே அவர் முறை. கடவுளுக்குக் காட்டாத சலுகையை வள்ளுவருக்கும் அவர் காட்டவில்லை. அவர் தொடங்கிவைத்த சுயமரியாதைத் திருமணத்தில் புரோகிதரும் அக்கினிச் சாட்சியும் கிடையாது. கூடியிருப்போர் முன் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்வதே மணம். அண்ணா ஆட்சியில் நிறைவேறிய சட்டத்திருத்தம் 1968 ஜனவரியில் அதைச் செல்லுபடியாக்கியது. தெய்வத்தைச் சாட்சியாக வைக்காத வாக்குறுதியும் கட்டுப்படுத்தும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது அப்போது.

அம்பேத்கர் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து அணுகினார். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவி, ஒடுக்கப்பட்டோரின் பழைய அறம் பௌத்தமே என்று வாதிட்டிருந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், பிற மதங்களில் கடவுளுக்கு உள்ள இடம் தம்மத்தில் ஒழுக்கத்துக்கு உண்டு என்கிறார். அதோடு அவர் நிறுத்தவில்லை. வெறும் ஒழுக்கம் ஒரு கூட்டத்தின் வசதிக்கான விதியாகச் சுருங்கிவிடும். அது எல்லோருக்கும் பொதுவாகவும், மீறக்கூடாத புனிதமாகவும் கொள்ளப்பட வேண்டும் என்றார். திருட்டுக் கூட்டத்துக்குள்ளும் ஒழுங்கு உண்டு என்பது அவருக்குத் தெரியும். புனிதம் என்ற சொல்லை அவர் கடவுளிடமிருந்து எடுத்து மனிதச் சமத்துவத்தின் பக்கம் வைத்தார். இவ்விவாதத்தில் சொல்லப்பட்டவற்றுள் மிகவும் முதிர்ந்த நிலை இதுவே எனலாம். கடவுளை நீக்கினால் காலியாகும் இடம் காலியாகவே இருக்கும் என்று அவர் நம்பவில்லை. சேலத்து முனியப்பனும் அவர் பக்கம்தான் சாட்சி சொல்கிறார். துறவியர் சங்கமும் பள்ளியும் அழிந்த ஊரில் ஆசிரியர் தெய்வமாவதைத் தடுக்க யாருமில்லை.

உளவியலாரின் ஆய்வுகளும் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வருகின்றன. 2007இல் ஷரீஃபும் நொரென்சயனும் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தொடர்பான சொற்களை மறைமுகமாக நினைவூட்டியபோது மக்கள் முன்பின் தெரியாதவருக்குக் கூடுதலாகப் பணம் விட்டுக்கொடுத்தார்கள். பேசப்படாத பாதி ஒன்று அதில் உண்டு: நீதிமன்றம், காவல் போன்ற உலகியல் சொற்களை நினைவூட்டியபோதும் அதே விளைவு ஏற்பட்டது. பிற்காலத்தில் இதைத் திரும்பச் செய்துபார்த்தவர்கள் சிலருக்கு அந்த விளைவே கிடைக்கவில்லை. 2016இல் எட்டு சமூகங்களில் நடந்த ஆய்வு, தம் கடவுள் எல்லாம் அறிந்து தண்டிப்பவர் என்று நம்புவோர் தொலைவிலுள்ள தம் மதத்தாரிடமும் நேர்மையாக நடப்பதாகக் கண்டது. தம் மதத்தாரிடம் என்பதைக் கோடிட்டுப் படிக்க வேண்டும். பெருஞ்சமூகங்கள் உருவான பிறகே ஒழுக்கம் கண்காணிக்கும் கடவுளர் தோன்றினர் என்ற 2019ஆம் ஆண்டுக் கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே வரலாற்று வரிசை இன்னும் முடிவாகவில்லை. கண்காணிப்பு நேர்மையைக் கூட்டக்கூடும், கண்காணிப்பவர் கடவுளாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்ற அளவுக்கே இவற்றிலிருந்து முடிவு கட்டலாம்.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டை நடைமுறையில் எப்போதோ தீர்த்துவிட்டது. 1873ஆம் ஆண்டின் சத்தியப் பிரமாணச் சட்டத்தில் விசித்திரமான பகுதி ஒன்று இருந்தது. எதிராளி இன்ன முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடுபவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியத்தோடு சொன்னதே அவருக்கு எதிரான முடிந்த முடிவான சான்றாகிவிடும். கோயிலில் சூடம் அடிப்பது கோர்ட்டின் தீர்ப்பையே முடிவு செய்யக்கூடிய காலம் அது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் அப்பகுதியை விட்டுவிட்டது. இப்போது சாட்சிக் கூண்டில் ஏறுபவர் கடவுளின் பெயரால் சத்தியம் செய்யலாம், அல்லது உளமார உறுதி கூறலாம், தேர்வு அவருடையது. சட்டமன்றத்திலும் அமைச்சரவையிலும் பதவியேற்போருக்கு அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இதே இரண்டு வழிகளைத் தருகிறது. இரு வகைச் சாட்சியத்துக்கும் மதிப்பு ஒன்றே. நீதிமன்ற விசாரணையில் வேண்டுமென்றே பொய்ச்சாட்சி சொன்னவருக்கு, எந்த முறையில் உறுதி எடுத்திருந்தாலும், பாரதிய நியாய சன்ஹிதாவின் 229ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறை.